பல் உடைந்த நட்சத்திரம்

அத்தியாயம் 7

"பூஜ்யத்துக்கு இவ்வளவு பெரிய கேடயமா?" என்று மஸ்தூராவின் காதருகே முணுமுணுத்தான் எல்முராத். "முப்பது, நாப்பது எடுத்தா என்னக்கா கொடுப்பாங்க, வீடா?"

"வாயை மூடிக்கிட்டு உட்காரு."

"மூடிட்டா பலாவ் எப்படிச் சாப்பிடறது?"

மஸ்தூராவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. காலையிலிருந்து பருத்தி வண்டிகளுக்குப் பின்னால் புழுதி தின்றபடி வந்திருந்தார்கள். மாகாணப் புள்ளிவிவர அலுவலகத்தின் சரிபார்ப்பு அதிகாரி அவள். வயது ஐம்பத்தாறு. பொய்க் கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிப்பதுதான் வேலை. ஆட்டுக் கணக்கு, பருத்திக் கணக்கு, ஆஸ்பத்திரிக் கட்டில் கணக்கு எல்லாம் பார்த்து முடித்துவிட்டாள். இந்த வருஷம் வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் கணக்கை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். எல்முராத் அவளுடைய உதவியாளன், ஓட்டுநரும் அவனே. நாலு பெண்களுக்குத் தகப்பன். அவன் வாயை வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்திலேயே நாலு பேருக்கும் கல்யாணம் பண்ணிவிடலாம்.

எதிர்ச் சுவரில் கேடயம் மின்னியது. 'குடும்ப வன்முறை இல்லாத மாவட்டம்: கராதோல்' என்று பொன்னெழுத்து. அதற்குக் கீழே, கேடயத்தின் அகலத்துக்கே, வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கராதோல் காவல் தலைவர், மேஜர் இபாதுல்லா.

"நம்ம கராதோல்ல ஒரு வருஷமா ஒரு புகார் கிடையாது அக்கா," என்றார் மேஜர். "கால்வாய்க்கு அந்தாண்ட சாய்குஸரைப் பாருங்க. அந்தக் கேப்டன் நிகோரா முப்பத்தொண்ணு எழுதி வெச்சிருக்கா. ரெண்டு ஊருக்கும் தண்ணி ஒண்ணு, காத்து ஒண்ணு, ஆம்பளைங்க மட்டும் வேற ஜாதியா? கணக்கை ஊதி ஊதிப் பெருசாக்கறா. பேரு வாங்கணும், அவ்வளவுதான்."

அந்த ஊதலைக் கண்டுபிடிக்கத்தான் மஸ்தூராவை அனுப்பியிருந்தார்கள். இயக்குநர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்று மாலைக்குள் முடிவு வேண்டும். ஊதல் இருந்தால் நிகோராவுக்கு வேலை போகும், அவளுடைய அறைக்குப் பூட்டு விழும், அவள் கையெழுத்துப் போட்ட பாதுகாப்பு ஆணைகள் எதுவும் செல்லாது. முப்பத்தொரு பெண்கள் அடித்தவனுக்கு எதிரே உட்கார்ந்து மறுபடி சோறு பரிமாற வேண்டியதுதான்.

"உங்களுக்குப் புகார் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மஸ்தூரா.

"புகாரா ஆக விடமாட்டேன். சண்டைன்னு காதுல விழுந்ததுமே நானே அந்த வீட்டுக்குப் போயிடுவேன். உட்காருவேன். ரொட்டி பிச்சு வெப்பாங்க, சாப்பிடுவேன். ரெண்டு பேருக்கும் நாலு வார்த்தை புத்தி சொல்லுவேன். முடிஞ்சுது கதை."

"எழுதறதில்லை?"

"ஒரு வீட்டு உப்பைத் தின்னுட்டு அந்த வீட்டு ஆம்பளை மேலயே கேஸ் எழுத முடியுமாக்கா? நீங்களே சொல்லுங்க."

மேஜர் உள்பக்கம் திரும்பி, "ஜம்ஷித்!" என்று குரல் கொடுத்தார்.

வந்தது ஜம்ஷித் அல்ல. அவனுடைய அம்மா. விருந்தாளிக்கு முன்னால் மனைவியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை என்பதால் மூத்த பிள்ளையின் பேரைத்தான் சொல்வார்கள். பத்து வருஷம் ஒரு வீட்டுக்குப் போய்வந்தாலும் அந்த வீட்டுக்காரியின் பேர் தெரியாமல் போவது இங்கே சகஜம். தட்டை நடுவில் வைத்தாள், நெஞ்சில் கை வைத்துக் குனிந்தாள், போய்விட்டாள்.

தட்டில் விளிம்பு தடித்த ரொட்டி. நடுவில் முள் அச்சால் குத்திய எட்டு முனை நட்சத்திரம். ஒரு முனையில் மட்டும் குத்து விழாமல் மாவு உப்பி நின்றது.

"அய்யோ, நட்சத்திரத்துக்குப் பல்லு விழுந்திருக்கே," என்றான் எல்முராத்.

மேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "அவ அம்மா கொடுத்த அச்சு. ஒரு முள்ளு உடைஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு. புதுசு வாங்கித் தரேன்னா வேணாங்கறா. இந்த ஊர்லயே பல்லு போன ரொட்டி எங்க வீட்டுல மட்டும்தான். சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

சாப்பிட்டார்கள். ரொட்டி அருமையாக இருந்தது.

*

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது எல்முராத் கேட்டான். "என்னக்கா தோணுது?"

"முட்டி வலிக்குது."

"அது தினமும் தோணுறதுதானே. கேஸைப் பத்திக் கேட்டேன்."

"பூஜ்யம்னு ஒரு கணக்கு வந்தா ரெண்டு காரணம்தான் இருக்கும் எல்முராத். ஒண்ணு, அந்த ஊர்ல மனுஷங்களே இல்லை. இல்லேன்னா எழுதறதுக்கு ஆள் இல்லை."

"மனுஷங்க இருக்காங்க. ஒருத்தர் கேடயத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தாரே."

"சரி. ஆனா பூஜ்யம் பொய்யாச்சுன்னா உடனே முப்பத்தொண்ணு நிஜம்னு ஆயிடாது. ரெண்டுமே பொய்யா இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கணக்காவது நேராக இருக்கக்கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

சாய்குஸரில் கேப்டன் நிகோராவின் அலுவலகம் என்பது தானியக் கிடங்குக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. மேஜை, நாலு நாற்காலி, சுவரை அடைத்த மர அலமாரி. கேப்டன் மெலிந்தவள். சீருடை தோளில் தொங்கியது. வந்தவர்களைப் பார்த்து அவள் பதறவில்லை.

"வந்துட்டீங்களா? பூட்டை நீங்களே கொண்டு வந்திருக்கீங்களா, இல்ல நான் ஒண்ணு வாங்கி வெக்கணுமா?"

"முதல்ல டீ," என்றாள் மஸ்தூரா, நாற்காலியில் சரிந்தபடி.

டீ வந்தது. உலர்ந்த ஆப்ரிகாட் பழம் வந்தது. மஸ்தூரா கோப்புகளைப் புரட்டினாள். முப்பத்தொரு பெண்கள், முப்பத்தொரு முகவரி, எல்லாமே சாய்குஸர். அதிலும் பல முகவரிகள் ஒரே தெருவில், சில ஒரே வீட்டில்.

"இந்த ஒரு வீட்டுல அஞ்சு பொண்ணுங்க அடி வாங்கியிருக்காங்க."

"பெரிய குடும்பம்," என்றாள் நிகோரா. சொன்னபோது அவள் பார்வை கெண்டியின் மூடியில் இருந்தது.

"அது உங்க சொந்தக்காரங்க வீடுதானே? வாசல்ல உங்க குடும்பப் பேர் போட்டிருக்கு. வரும்போது பார்த்தேன்."

நிகோரா அந்த மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். அப்படியானால் மேஜர் சொன்னது சரிதானா? இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது கேஸ். மஸ்தூராவுக்கு ஏமாற்றமாக இருந்தது, அந்த ஏமாற்றம் அவளுக்கே ஆச்சரியமாகவும் இருந்தது. மெலிந்த இந்தப் பெண் உண்மையானவளாக இருக்க வேண்டும் என்று பாலத்தைத் தாண்டும்போதே ஆசைப்பட்டிருக்கிறாள் போல.

எல்முராத் கோப்பையைக் கீழே வைத்தான். "தப்பா நினைக்காதீங்க கேப்டன். டீயோட ரொட்டி வைக்காத இடத்தை என் ஆயுசுல இப்பத்தான் பார்க்கறேன். அதுவும் அறை முழுக்க ரொட்டி வாசனை அடிக்குது. இது எந்த ஊர் நியாயம்?"

நிகோராவின் முகம் மாறியது. மஸ்தூரா நிமிர்ந்தாள். அவளும் மோந்து பார்த்தாள். வாசனை அலமாரியிலிருந்து வந்தது.

"திற எல்முராத்."

திறந்தான். மேல் தட்டிலிருந்து கீழ் தட்டுவரை ரொட்டி. துணி விரித்து, முகம் மேலே பார்க்க, வரிசை வரிசையாக. சில கல்லாக உலர்ந்தவை, சில இந்த வாரத்தவை.

"கடை போடப் போறீங்களா?" என்றான் எல்முராத்.

"அவங்க கொண்டு வந்தது," என்றாள் நிகோரா. "ஒரு இடத்துக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு சின்னதுலேர்ந்து சொல்லி வளர்த்திருக்காங்களே. அடி வாங்கி, செருப்பில்லாம ஓடி வர்றப்பவும் கை தானா ஒரு ரொட்டியை எடுத்துக்குது. அன்னிக்கு முடியலைன்னா அடுத்த நாள் கொண்டு வந்து கொடுத்துட்டுப் போறாங்க. நான் தின்னமாட்டேன். தின்னா மத்தவங்க மாதிரி எனக்கும் எழுதக் கை வராம போயிடும். ரொட்டியைத் தூக்கிப் போடவும் முடியாது. மாட்டுக்குக் கொடுக்கலாம்னு பார்த்தேன், மனசு வரலை."

மஸ்தூரா எழுந்தாள். முட்டிவலி எங்கேயோ போய்விட்டது.

"எல்முராத், நீ சாப்பிடாத ஊர் இந்த மாகாணத்துல உண்டா?"

"பாவம், ஒண்ணும் பாக்கி வைக்கலை."

"கராதோல் ரொட்டிக்கும் சாய்குஸர் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியுமா?"

"கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். சாய்குஸர்ல தட்டையா சுட்டு எள்ளைத் தூவுவாங்க. கராதோல்ல விளிம்பு தடிப்பா, கருஞ்சீரகம் போட்டு..." பாதியில் நிறுத்தினான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

மேஜைமேல் துணி விரித்து இரண்டு குவியலாகப் பிரித்தான். எள் போட்டவை பன்னிரண்டு. விளிம்பு தடித்தவை இருபத்திரண்டு.

நிகோரா சுவரில் சாய்ந்துகொண்டாள். "கராதோல்லேர்ந்துதான் வர்றாங்க. கால்வாயைத் தாண்டி, பருத்திக் காட்டு வழியா. உண்மை முகவரி எழுதினா அந்தப் புகாரோட நகலை அவங்க ஊர் நிலையத்துக்கு அனுப்பணும், அதான் சட்டம். மேஜர் நகலை எடுத்துக்கிட்டு நேரா அந்த வீட்டுக்குப் போவார். உட்கார்ந்து ரொட்டி தின்பார். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்கிட்ட திரும்பி வரவே மாட்டா. போன வருஷம் ரெண்டு பேர் விஷயத்துல அப்படி ஆச்சு. மூணாவது ஆளுக்கு எங்க பெரியம்மா வீட்டு முகவரியை எழுதினேன். பொய்தான். பேரு, காயம், தேதி எல்லாம் நிஜம். இடம் மட்டும் பொய்."

"அடி நிஜம், ஊர்தான் பொய்," என்றான் எல்முராத். "அங்கே ஊர் நிஜம், பூஜ்யம் பொய். நல்லா ஜோடி சேர்ந்தீங்க ரெண்டு பேரும்."

"கராதோல்காரங்க எத்தனை பேர்னு நீங்க சொல்லுங்க," என்றாள் மஸ்தூரா. "பேர் வேண்டாம்."

"பத்தொன்பது."

"ரொட்டி இருபத்திரண்டு இருக்கு. ஒருத்தியே ரெண்டு கொண்டு வந்தாளா?"

"ஜோடியா கொண்டு போறது விருந்துக்கு அக்கா. ஓடி வர்றவளுக்கு ஒண்ணுதான்."

"அப்ப மூணு ரொட்டி ஏன் கணக்குல வரலை?"

எல்முராத் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஒன்றை எடுத்தான், உற்றுப் பார்த்தான், தனியே வைத்தான். இன்னொன்று. பிறகு இன்னொன்று. மூன்றும் நட்சத்திரம் குத்தியவை. மூன்றிலும் ஒரு முனையில் பல் இல்லை.

மூன்றையும் அவன் மஸ்தூராவின் பக்கம் தள்ளினான்.

"யாருக்கா?" என்றாள் நிகோரா, அவர்கள் முகத்தைப் பார்த்து. "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? எனக்குப் பேர் தெரியாது. மூணு தடவை வந்தாங்க. முகத்தை மூடின சால்வையை எடுக்கலை. டீ குடிப்பாங்க, சித்த நேரம் உட்காருவாங்க. 'எழுதட்டுமா?'ன்னு கேட்பேன். 'எழுதினா அந்தத் தாள் யார் மேஜைக்குப் போகும்?'னு கேட்பாங்க. எனக்குப் பதில் சொல்ல வராது. ரொட்டியை வெச்சுட்டுப் போயிடுவாங்க."

"ஜம்ஷித்தோட அம்மா," என்றாள் மஸ்தூரா.

அந்த வட்டாரத்தில் காவல் சீருடை போட்ட எல்லோருக்கும் மேஜரின் மூத்த மகன் பேர் தெரியும். நிகோரா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொன்று ஊதிய கணக்கு அல்ல. குறைந்த கணக்கு.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. கதவு அறைந்த சத்தம். "அக்கா! வேலை முடிஞ்சுதா?" என்ற மேஜரின் குரல்.

*

எல்முராத் ரொட்டிகளை வாரி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். எல்லாவற்றையும் வைத்துவிட்டதாகத்தான் நினைத்தான். திரும்பினால், மேஜையில் ஒன்று மிச்சம். பல் உடைந்த நட்சத்திரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

கவிழ்த்து வைக்க முடியாது. ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதை இங்கே குழந்தைகூடச் செய்யாது. செய்தால் உள்ளே வருகிறவன் கண் முதலில் அதில்தான் போய் நிற்கும். மேலே கோப்பை வைத்து மறைத்தாலும் அதே கதைதான். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இந்த ரொட்டியை மேஜர் பார்த்தால் இன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"பிஸ்மில்லா," என்றான் எல்முராத். ரொட்டியை எடுத்து மேஜை விளிம்பில் வைத்து முழங்கையால் ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினான். ஓடு உடைகிற மாதிரி உடைந்தது நட்சத்திரம். உடைத்ததை மறுபடி உடைத்தான். முள் குத்திய, கருஞ்சீரகம் ஒட்டிய துண்டுகளை எல்லாம் அள்ளித் தன் கோப்பை டீயில் போட்டான். மிச்சத்தை மஸ்தூராவுக்கு ஒன்று, நிகோராவுக்கு ஒன்று என்று நீட்டினான். நிகோரா ஒரு நொடி தயங்கினாள். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

மேஜர் உள்ளே வந்தபோது மூன்று பேரும் கறுக்மொறுக்கென்று மென்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன கேப்டன், மாகாணத்துலேர்ந்து வந்த பெரிய அதிகாரிக்கு இதையா வெக்கறது? இது ரொட்டியா, கூரைக்கட்டையா?"

"அக்காவுக்குப் பல்லுக்குப் பயிற்சி வேணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றான் எல்முராத். "நீங்களும் ஒரு வாய் எடுத்துக்குங்க. ரொட்டி பிட்ட இடத்துக்கு வந்துட்டுத் தொடாம போகலாமா?"

மேஜர் அரை மனசாக ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்தார். மேஜர் மென்றார். மெல்ல மெல்ல அவர் முகம் சுளித்தது.

"இதைச் சுட்டவளுக்கு உப்புப் போடக்கூடத் தெரியலை," என்றார். "எங்க வீட்டுல சாப்பிட்டீங்களே, அது ரொட்டி. சரி, எத்தனை ஊதல் கிடைச்சுது? சாயங்காலம் பூட்டோட ஆள் அனுப்பட்டுமா?"

"பூட்டுக்கு அவசரம் இல்லை," என்றாள் மஸ்தூரா. "சரிபார்ப்பு நடக்குற இடத்தைப் பூட்டக்கூடாதுன்னு விதி. சரிபார்ப்பை முடிக்க வேண்டியவ நான். எனக்கு முட்டிவலி தம்பி. ரொம்ப மெதுவாத்தான் முடிப்பேன்."

மேஜர் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனார். கார்ச் சத்தம் பாலத்தைத் தாண்டி மறைந்தது.

மஸ்தூரா இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"எத்தனை ஊதல்?" என்றது மறுமுனை.

"ஊதல் இல்லை ஐயா. அடி எந்த ஊர்ல விழுந்துச்சோ அந்த ஊர்க் கணக்குல எழுதப் போறேன். சாய்குஸர் பன்னிரண்டு. கராதோல் பத்தொன்பது."

"என்ன உளர்றே? கராதோலுக்குக் கேடயம் கொடுத்தாச்சு. படம் பேப்பர்ல வந்தாச்சு."

"பார்த்தேன். படம் நல்லா விழுந்திருக்கு."

"பேர், முகவரி?"

"என் பெட்டியில இருக்கும். நீங்க பார்க்கலாம், நீதிபதி பார்க்கலாம். காவல் நிலையத்துக்கு நகல் போகாது. கணக்கு எடுக்குற சட்டப்படி, கணக்குக்காகக் கொடுத்த பேரை யாருக்கும் கொடுக்கக்கூடாது."

"உனக்கு ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்கு மஸ்தூரா. நிம்மதியா போக வேண்டாமா?"

"நிம்மதியா போகணும்னுதான் ஐயா."

போன் வைக்கப்பட்டது. அவள் அறிக்கை மூன்று முறை கேள்விக்குறியோடு திரும்பி வரும், அவளை வேறு ஊருக்கு மாற்றுவார்கள், ஒருவேளை ஆட்டுக் கணக்குக்கே அனுப்புவார்கள். அதையெல்லாம் நினைக்கக்கூட அவளுக்குச் சலிப்பாக இருந்தது. ஆனால் அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"அக்கா," என்றாள் நிகோரா தயங்கி. "இருபதுன்னு எழுதியிருக்கலாமே. ஜம்ஷித்தோட அம்மாவையும் சேர்த்து."

"அவங்க எழுதச் சொல்லலையே. நடந்ததை எழுதாம விடறார் மேஜர். கேட்காம நான் எழுதினா நானும் அவங்க வாயை அடைச்ச மாதிரிதான். அடுத்த தடவை வருவாங்க. 'தாள் யார் மேஜைக்குப் போகும்?'னு கேட்பாங்க. இனிமே உங்களுக்குப் பதில் இருக்கு."

"உங்க மேஜைக்கு."

"ஆமா. கால் ஆடுற மேஜைதான். பரவாயில்லை."

வெளியே வந்தார்கள். எல்முராத் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். "ஒரு சந்தேகம்கா. மத்தியானம் மேஜர் வீட்டு உப்பைத் தின்னுட்டு சாயங்காலம் அவர் மேலயே எழுதிட்டீங்க. பாவம் இல்லையா?"

"நான் தின்னது அவர் உப்பா? மாவு பிசைஞ்சது யாரு, அடுப்புல கையை விட்டுச் சுட்டது யாரு? அந்தப் பொண்ணு போட்ட உப்பு அது. அதுக்குத்தான் எழுதினேன்."

கார் கிளம்பியது. பாலம் வந்தது, போனது. கராதோலின் தோட்டச் சுவர்களுக்குப் பின்னால் சாயங்கால ரொட்டிக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள், புகை எழுந்துகொண்டிருந்தது. எந்த வீட்டுப் புகை எது என்று தெரியவில்லை. எல்முராத் வழி நெடுக ஒரு ஜோக்குகூட அடிக்கவில்லை. அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்றுகூட மஸ்தூரா நினைத்தாள். நெடுஞ்சாலை வந்தபிறகுதான் வாயைத் திறந்தான்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சுக்கா."